கண்டிய மண்டபத்தில் கிறிஸ்து
மலைநாட்டுச் சரித்திரத் தொடர்: பத்தொன்பதாம் அத்தியாயம்

சென்ற அத்தியாயத்திலே, மதுரை நாயக்க வம்சத்தார் பெண்வழி உறவினால் 1739ஆம் ஆண்டில் கண்டிச் சிம்மாசனத்தை அடைந்து, இந்துக்களாய்ப் பிறந்தும் பௌத்த சாசனத்தின் காவலராய் வீற்றிருந்த விசித்திரத்தைப் பார்த்தோம். அந்நியராய் வந்து சுதேசிகளாய் மாறிய அவ்வரசர்களின் கதையை முடித்த கையோடு, அவர்களுக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்னரே அதே மலைத் தலைநகருக்கு வந்து, ஒரு காலத்தில் அரசனின் விருந்தாகவும், மற்றொரு காலத்தில் அவனுடைய கைதியாகவும், பின்னொரு காலத்தில் வென்றவரின் துணையாகவும் வாழ நேர்ந்த கிறிஸ்து மார்க்கத்தின் கதையைச் சொல்லாமல் மேலே செல்வது நியாயமன்று. அதிலும் குருமாரின் வரவையும் போக்கையும் பலர் எழுதியிருக்கிறார்கள். அச்சமயமும் இந்நாட்டுச் சிற்பியின் உளியும் எங்கே சந்தித்தன, அச்சந்திப்பின் அடையாளம் இன்று எங்கே நிற்கிறது என்பதையே இவ்வத்தியாயத்தில் விசாரிக்கப் போகிறோம்.

இதே கேள்வியைக் கோவாவில் கேட்டால் விடை சுலபமாகக் கிடைத்துவிடும். பழைய கோவா நகரத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சந்த மோனிக்கா கன்னியர் மடத்திலே, கிறிஸ்தவக் கலைக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. 1994இல் ராச்சோல் குருமடத்தில் தொடங்கப்பெற்று, 2002இல் இம்மடத்துக்கு மாற்றப்பெற்று, நெடிய திருத்த வேலைகளுக்குப் பின் 2022இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்நூதனசாலையில், யானைத் தந்தத்திலும் வெள்ளியிலும் மரத்திலும் இந்தியக் கைவினைஞர் ஐரோப்பியப் பாதிரிமாருக்காகச் செய்து கொடுத்த திருவுருவங்களும் பூசைப் பாத்திரங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது ஒரு நற்கருணைப் பேழை. தன் மார்பைத் தானே கொத்திக் குஞ்சுகளுக்கு உதிரத்தை ஊட்டுவதாக ஐரோப்பியர் நம்பிய கூழைக்கடாவின் வடிவில் அது செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கர்ண பரம்பரைக் கதை கோவாத் தட்டானின் பாட்டி சொன்ன கதை அல்ல; ஆயினும் வேலை அவனுடைய வேலைதான்.

கோவாவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலே இலங்கைக்கு வந்த பறங்கியராகிய போர்த்துக்கேயரின் சமயமும் சாமானும் கோவா வழியாகவே வந்தன. இலங்கைத் தந்தச் சிற்பிகளின் கீர்த்தி ஐரோப்பாவுக்குப் போனதும் அவ்வழியாகவே. கோட்டை அரசன் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனுக்கு முடியுரிமை வேண்டி, 1540களின் தொடக்கத்தில் லிஸ்பன் நகருக்குத் தூதனுப்பியபோது, அப்பேரனின் பொன்னுருவத்தோடு தந்தப் பேழையையும் அனுப்பினான். போர்த்துக்கல் அரசன் அப்பொன்னுருவத்துக்கு முடிசூட்டிய காட்சியைச் சிங்களச் சிற்பி செதுக்கிய பேழை, இன்றைக்கும் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து அரண்மனைப் பொக்கிஷசாலையில் இருக்கிறது. அதே நூற்றாண்டின் இறுதியிலே, கோவா அதிமேற்றிராணியாரிடம் எழுத்துவேலை பார்த்த லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர், சிங்களச் சிற்பி ஒருவன் தம் எஜமானருக்குக் கொண்டுவந்து கொடுத்த தந்தச் சிலுவையுருவம் ஒன்றைப் பற்றித் தம் யாத்திரை நூலில் வியந்து எழுதியிருக்கிறார். ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள அவ்வுருவத்தில் தலைமயிரும் தாடியும் முகமும் உயிருள்ளவைபோல் அமைந்திருந்தன என்றும், அதிமேற்றிராணியார் அதைப் பெட்டியில் வைத்து ஸ்பெயின் அரசனுக்கு அனுப்பிவிட்டார் என்றும் அவர் சொல்கிறார். சிலுவையைப் பார்த்துப் பழகாத ஒரு நாட்டில், அறையுண்ட மனிதனின் தாடி மயிரைத் தந்தத்தில் இழை பிரித்துக் காட்டும் நேர்த்தி ஓரிரு ஆண்டுகளில் வந்திராது. தலைமுறை தலைமுறையாகப் புத்தர் உருவங்களுக்கும் அரசரின் பேழைகளுக்கும் பழகிய கை, புதிய எஜமானனின் புதிய தெய்வத்துக்கும் அப்படியே வளைந்து கொடுத்தது என்றே கொள்ளவேண்டும்.

வளைந்தது ஒருபக்கம் மாத்திரமன்று. கோவாவிலும் இலங்கையிலும் செதுக்கப்பெற்று இன்று உலகத்து நூதனசாலைகள் பலவற்றில் காணக்கிடைக்கின்ற நல்ல மேய்ப்பன் உருவங்களைக் கவனித்துப் பார்க்கவேண்டும். குழந்தை இயேசு அடுக்கடுக்கான பாறையின் உச்சியிலே கால்களை மடித்து அமர்ந்து, ஒரு கையைக் கன்னத்தில் தாங்கி, கண்களை மூடியபடி இருக்கிறார். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி, மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. ஐரோப்பியச் சித்திரங்களில் மேய்ப்பன் கண் மூடுவதில்லை. மூடினால் மந்தை என்னாவது? இந்தக் குழந்தையோ தியானத்தில் இருக்கிறது. பாதிரியார் ஆட்டுக்குட்டியைக் கேட்டார், சிற்பி அதையும் கொடுத்துத் தியானத்தையும் சேர்த்துக் கொடுத்தான் என்று நான் நினைப்பதுண்டு.

இனிக் கண்டிக்கு வருவோம். இந்நகரத்து அரசன் ஜயவீரன், கோட்டை அரசனின் நெருக்குதலுக்குப் பறங்கியரின் படையுதவியை நாடி, 1546இல் பிரான்சிஸ்கன் துறவியரின் கையால் இரகசியமாய் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். உதவி வந்து சேர்வதற்குள் பக்தி தணிந்துவிட்டது. அவனைக் காட்டிலும் அதிசயமானவன் கொனப்பு பண்டாரன். கோவாவிலே போர்ப்பயிற்சி பெற்று, ஆஸ்திரியாவின் டொன் ஜுவான் என்ற ஞானஸ்நானப் பெயரையும் தாங்கி, பறங்கியரின் படையோடு கண்டிக்கு வந்த அவன், வந்த இடத்தில் அவர்களையே உதறிவிட்டு விமலதர்மசூரியன் என்ற பெயரில் அரசனானான். 1594இல் தந்துரையில் பறங்கியர் சேனையை அழித்து, அவர்கள் அரசியாக்கக் கொண்டுவந்திருந்த டோனா கத்தரீனாவைத் தானே மணந்துகொண்டு, தலதாவாகிய புனித தந்தத்தைக் கண்டிக்குக் கொணர்ந்து மாளிகை எடுத்தான். கண்டி மாநகரைப் பௌத்தத்தின் இருதயமாக்கியவனும் அவனுடைய பட்டத்தரசியும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதை, ஒவ்வோர் ஆண்டும் பெரஹரா ஊர்வலம் பார்க்க வருவோரில் எத்தனை பேர் அறிவர்?

அரசரின் ஞானஸ்நானங்கள் அரசியல் கணக்குகளே. உண்மையான சமயப்பணி கோவாவிலிருந்து வந்த கொங்கணிப் பிராமண குலத்துக் குருவானவர் ஒருவரால் தொடங்கியது. 1651இல் பிறந்த யோசேவாஸ் சுவாமி, ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்து குருமாரைத் துரத்திய காலத்திலே, தூத்துக்குடி வழியாக, கூலிக்காரன் வேஷத்தில் 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து, சில்லாலையில் தங்கி இரவுநேரப் பூசைகள் செய்து, 1692இல் கண்டியை அடைந்தார். அடைந்ததும், பறங்கியரின் ஒற்றர் என்ற சந்தேகத்தின்பேரில் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். நாளடைவில் காவல் தளர்ந்தது. 1696இல் மழை பொய்த்தபோது அவர் பிரார்த்தித்து மழை பெய்ததாகவும், அதன்பின் நாடெங்கும் நடமாட அரசன் அனுமதித்ததாகவும் கத்தோலிக்கர் நம்புகின்றனர். அடுத்துவந்த வைசூரிக் கொள்ளைநோயில் ஊரார் கைவிட்ட நோயாளிகளை அவர் தொட்டுப் பராமரித்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே காலமானார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

அவருக்குப் பின் வந்தவர்களுள் யாக்கோமே கொன்சால்வெஸ் என்பவரைத் தமிழர் சாங்கோபாங்க சுவாமி என்று அழைப்பர். 1705இல் இலங்கைக்கு வந்த அவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோவில்களில் ராகத்தோடு படிக்கப்படும் வியாகுல பிரசங்கம் அவருடையதே. கண்டி அரசன் நரேந்திரசிங்கனின் சபையில் அவருக்கு மதிப்பிருந்தது. ஆனால் நாம் சென்ற அத்தியாயத்தில் கொண்டாடிய நாயக்க வம்சத்து முதலரசன் ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் காலத்தில் அம்மதிப்பு மறைந்து, கோவில்கள் இடிக்கப்பட்டு, குருமார் வெளியேற்றப்பட்டனர். ஆகவேதான் கோவாவைப் போல ஒரு மடத்தை நிரப்பி வைக்குமளவுக்கு அக்காலத்துப் பொருள் எதுவும் கண்டி நகரத்தில் மிஞ்சவில்லை. யோசேவாஸ் சுவாமியை அடக்கஞ்செய்த இடத்துக்குக்கூட அடையாளம் போய்விட்டது. மாத்தளைப் பகுதியில் கலேவெலவுக்கு அருகே வஹகோட்டையில், அரசர் குடியேற்றிய பறங்கிப் போர்வீரரின் சந்ததியார் குருமாரில்லாத தலைமுறைகளையும் கடந்து வேதத்தைக் காத்து, அந்தோனியாரைக் கொண்டாடி வருகிறார்கள். மலைநாட்டில் அந்த முதல் யுகத்தின் உயிருள்ள எச்சம் என்று அவ்வூரைச் சொல்லலாம்.

இரண்டாம் யுகம் 1815 மார்ச் 2ஆம் திகதி, மகுல் மடுவ எனப்படும் அரச மண்டபத்தில் ஆங்கிலேயர் ஒப்பந்தம் எழுதி வாங்கியதிலிருந்து தொடங்குகிறது. அந்த யுகத்தின் கட்டட இலக்கணத்தைப் பார்க்க வேண்டுமானால், தலதா மாளிகைக்கு மிகச் சமீபத்தில், நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் இருக்கும் புண்ணிய பூமியை ஒட்டியே, 1840களில் எழுப்பப்பட்ட தூய பவுல் ஆலயத்தைப் பார்த்தாற் போதும். செங்கல்லில் கூர்வளைவு சன்னல்களும் சதுரக் கோபுரமுமாய், இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து அப்படியே பெயர்த்து வைத்தாற்போல் அது நிற்கிறது. அழகற்றது என்று அதைச் சொல்லமாட்டேன்; மழை நாளில் அந்தச் செந்நிறத்துக்கு ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் அது அக்கம்பக்கத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அரசனின் மாளிகைச் சதுக்கத்திலே இடம்பிடித்தவர்கள், அண்டை வீட்டாரின் கூரையைக் கொஞ்சம் ஏறிட்டுப் பார்த்திருக்கலாம்.

ஆங்கிலேயர் செய்த கேடு இந்த ஆலயத்தைக் கட்டியதில் இல்லை, வேறோரிடத்தில் இருக்கிறது. கண்டி அரசரின் காலத்தில் பட்டல் ஹத்தர என்னும் நால்வகைப் பட்டறைகள் அரண்மனையைச் சார்ந்து இயங்கின. ஓவியரும் தந்தச் சிற்பியரும் தட்டாரும் ஊழியத்துக்கு மானியமாய் நிலம் பெற்று, தலைமுறைதோறும் ஒரே வேலையைச் செய்து தேர்ந்தார்கள். அரசன் போனான், 1830களில் இராஜகாரியம் என்னும் ஊழிய முறையும் ஒழிந்தது. அம்முறையில் கொடுமையும் இருந்ததால், ஒழிந்ததற்காக வருந்துவதற்கில்லை. ஆனால் அதனோடு, நேரங் கணக்கிடாமல் ஒரு தூணுக்கு ஒரு பருவகாலத்தைச் செலவிடச் சொல்லும் எஜமானனும் மறைந்தான். கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் கொணர்ந்த பணம் சீமைச் சாமானை வாங்கியது.

அந்நிலையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் நம்மவர் ஒருவர் என்பதில் தமிழர் பெருமைகொள்ளலாம். சேர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, மண்ணியல் ஆராய்ச்சி உத்தியோகத்தின்பொருட்டு 1903 முதல் மலைநாட்டுக் கிராமங்களைச் சுற்றியபோது, கற்களைத் தேடப் போன இடத்தில் கைவினைஞரைக் கண்டார். பழைய கட்டடங்களைப் பேணாத அசட்டையைக் கண்டித்துக் கண்டியப் பிரதானிகளுக்கு 1905இல் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908இல், வில்லியம் மொரிஸின் அச்சுப்பொறியிலேயே அச்சிட்டு, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய மகத்தான நூலை வெளியிட்டார். கண்டியத் தூண் ஒன்றின் அமைப்பை முறையாக எழுத்தில் வடித்துக் காட்டிய நூல் அது. எம்பெக்கே தேவாலயத்திலோ மகுல் மடுவத்திலோ அத்தூணை நேரிற் காணலாம்: அடியில் சதுரம், அதன்மேல் எட்டுப் பட்டை, இடையிடையே மறுபடியும் சதுரம், அச்சதுர முகங்களில் அன்னமோ நடனமாதோ கொடிப்பின்னலோ, உச்சியில் நாற்றிசையும் கைநீட்டி உத்திரத்தைத் தாங்கும் பேக்கட என்னும் போதிகை, அதன் நுனிகளில் தலைகீழாய்த் தொங்கும் தாமரை. சதுரம் எட்டுப் பட்டையாகும் இடத்தில் உளி சிறிது தடுமாறினாலும் தூண் முழுவதும் கோணலாய்த் தோன்றும். அந்நூலுக்குப் பின், கண்டியக் கைவினையை நாகரிகமற்றதென்று ஒதுக்குவது கற்றவர்க்கு எளிதாயிருக்கவில்லை.

குமாரசுவாமி கிராமங்களைச் சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1904இல், அலெக்சாந்தர் கார்டன் பிரேசர் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார் கண்டித் திரித்துவக் கல்லூரியின் அதிபராக வந்தார். 1857இல் சிறு பாடசாலையாய்த் தோன்றி, இடையில் மூடப்பட்டு, 1872இல் புத்துயிர் பெற்ற அக்கல்லூரி, மற்றை மிஷன் கல்லூரிகளைப் போலவே, பிள்ளைகளைத் தம் தாய்தந்தையரின் பாஷையிலிருந்து விலக்குவதையே கல்வி என எண்ணியிருந்தது. பிரேசர் அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கினார். சொந்த மொழியையும் சொந்தச் சரித்திரத்தையும் அறியாதவன் தன் ஜனத்துக்குப் பயன்படமாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். சிங்களமும் தமிழும் பாடத்திட்டத்தில் மதிப்பான இடம் பெற்றன. 1924இல் அவர் மேற்கு ஆபிரிக்காவுக்குச் சென்று அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபரானார். ஆனால் போகுமுன், கல்லூரிக்கென ஓர் ஆலயம் எழுப்பவேண்டும், அது கண்டிய மரபில் அமையவேண்டும் என்ற வித்தை ஊன்றிவிட்டே போனார்.

வித்தை மரமாக்கியவர் உப அதிபராயிருந்த எல். ஜே. காஸ்டர் பாதிரியார். சிங்களக் கட்டடக்கலையை ஈடுபாட்டோடு கற்றிருந்த அவர், பழைய அரசரின் மண்டபத்தை மனத்திற் கொண்டு ஆலயத்தை வரைந்தார். 1920களின் தொடக்கத்தில் ஆரம்பமான வேலை 1935இல் ஆலய அர்ப்பணத்தோடு முற்றுப்பெற்றது. அக்காலத்துக்குள் தூய பவுல் ஆலயத்தைப் போல் மூன்று செங்கல் ஆலயங்களைக் கட்டி முடித்திருக்கலாம். ஆனால் இதிலே 54 தூண்கள், அத்தனையும் கருங்கல், அத்தனையும் கையால் செதுக்கியவை. மகுல் மடுவத்தில் மரத்துக்கு உரியதாயிருந்த வடிவத்தை இங்கே கல்லுக்கு மாற்றினார்கள். மரத்தில் கொடிப்பின்னல் ஓட்டும் கைக்கும் கருங்கல்லைப் பிளந்தெடுக்கும் கைக்கும் தூரம் அதிகம். பக்கங்களில் சுவரெழுப்பாமல் திறந்தவெளியாய் விட்டமையால், மலைக்காற்றும் மழைச்சாரலின் மணமும் பிரார்த்தனையோடு உள்ளே வரும். ஐரோப்பிய ஆலயத்திலே வெளியுலகத்தை மறக்கக் கதவடைப்பார்கள். அரச மண்டபத்திலோ குடிகள் நாற்புறமும் நின்று பார்க்கவேண்டும். எந்த இலக்கணத்தைப் பின்பற்றுவது என்ற கேள்விக்குக் காஸ்டர் தந்த விடை இந்தத் திறந்த பக்கங்களே.

இதைக் கண்டு, கிறிஸ்தவர் எங்கள் மண்டபத்தைத் திருடிக்கொண்டார்கள் என்று கசந்தவர்களும் உண்டு, வேஷம் என்று எள்ளியவர்களும் உண்டு. ஆட்சி அவர்களுடைய கையில் இருந்த காலத்திலே, ஆளப்படுவோரின் கலையை எடுத்து அணிந்துகொள்வது ஒரு சலுகையேயன்றிச் சமத்துவம் அன்று என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் மலைநாட்டின் சரித்திரத்தை முழுவதும் பார்த்தவர்கள், எது எங்களுடையது என்ற கேள்வியை மிகுந்த எச்சரிக்கையோடே எழுப்புவார்கள். கண்டிக்கு மேற்கே கடலாதெனிய விகாரத்தைப் பாருங்கள்: 1344இல் எழுந்த அந்தப் பௌத்தக் கோவிலைத் திராவிடச் சம்பிரதாயத்தில் கட்டியவன் கணேசுவராசாரி என்ற தென்னாட்டுச் சிற்பாசாரி. விஜயநகர முறைக் கல்தூண்களுக்கு நடுவே புத்தர் அமர்ந்திருப்பதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. அறுநூறு ஆண்டுகள் கழிந்தால் எல்லாம் மரபாகிவிடும் போலும்!

மண்டபம் கட்டியாயிற்று, உள்ளே வரையப்பட வேண்டியது யாருடைய முகம்? இவ்விடத்தில் வருகிறார் டேவிட் பெயின்டர். 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலின் அல்மோராவில், ஆங்கிலேயரான மிஷனரித் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். இலண்டன் ரோயல் அக்கடமியில் உபகாரச் சம்பளம் பெற்றுப் பயின்று, பரிசு பெற்று, இத்தாலிக்கும் சென்று மீண்டவர். திரும்பிவந்து தம் கல்லூரியில் சித்திரம் கற்பித்தபோது, 1920களின் பிற்பகுதி தொடங்கி 1930களின் முற்பகுதிவரை, ஆலயத்துக்கு நான்கு பெரிய சுவர்ச்சித்திரங்களை எழுதினார். தம் பாத்திரத்தில் குடிக்க முடியுமா என்று கிறிஸ்து செபதேயுவின் மக்களைக் கேட்கும் காட்சி ஒன்று, நல்ல சமாரியன் ஒன்று, சீடரின் பாதங்களைக் கழுவுதல் ஒன்று, சிலுவைப்பாடு ஒன்று.

விஷயத் தேர்வே சிந்தனைக்குரியது. உயிர்த்தெழுதலும் இல்லை, மகிமையின் சிங்காசனமும் இல்லை. முதற் காட்சியிலே ஒரு தாய் தன் இரு பிள்ளைகளுக்கும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்கிறாள், ஆசனத்துக்குப் பதில் துன்பத்தின் பாத்திரம் காட்டப்படுகிறது. பிரதானிகளின் புத்திரரும் உத்தியோகஸ்தரின் புத்திரரும் பெரிய பதவிகளுக்குத் தயாராகும் ஒரு கல்லூரியின் ஆலயத்தில் இதை எழுதத் துணிவு வேண்டும். தங்கள் பிள்ளைக்கு ஆசனம் தேடி வந்த பெற்றோர் எத்தனை பேர் இச்சித்திரத்தின் முன் நின்றிருப்பார்கள்! பாதங்கழுவும் காட்சியும் அப்படியே: சாதியும் குலமும் பார்த்து யார் யாருக்கு முன் குனிவது என்ற விதியில் ஊறிய நாட்டிலே, குரு சீடனின் காலடியில் மண்டியிட்டிருக்கிறார். இவற்றில் வரும் மனிதர் இந்நாட்டு மனிதர்; மேனி நிறமும் முகவெட்டும் கண்டி வீதியிலும் தோட்டங்களிலும் நாம் காண்பவை. நீலக் கண்ணும் பொன் மயிருமுள்ள கிறிஸ்துவையே ஞாயிற்றுப் பாடசாலைப் படங்களில் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு அது எத்தகைய அதிர்ச்சியாயிருந்திருக்கும் என்பதை இன்று ஊகிப்பது கடினம்.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆட்கள் நம்மவர், சித்திர முறை நம்முடையதன்று. கண்டியை அடுத்த தெகல்தொருவ குகை விகாரத்தில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்து ஓவியர் ஜாதகக் கதைகளை எழுதியிருக்கிறார்கள்: செந்நிறப் பின்னணி, நீண்ட பட்டை பட்டையாய் ஓடும் கதை, நிழல் விழாத மேனிகள், ஒரே பட்டையில் ஒரே அரசகுமாரன் மூன்று நான்கு முறை. அங்கே கண் நடந்துகொண்டே இருக்கும். பெயின்டரின் சித்திரத்திலோ கண் ஓரிடத்தில் நிற்கும். தசையின் மேடுபள்ளமும் ஒளி நிழலும் இத்தாலிய ஆசான்களிடம் கற்றவை. கட்டடத்தில் காஸ்டர் முழுவதும் கண்டியனாக மாறினார். சித்திரத்தில் பெயின்டர் பாதி வழியே வந்தார். குறை கூறவில்லை. தாய் ஒரு நாடும் தந்தை ஒரு நாடுமாய்ப் பிறந்தவர், தம் பிறப்பைப் போலவே சித்திரத்தையும் எழுதினார். தெகல்தொருவ ஓவியரின் முறையில் ஒரு சிலுவைப்பாடு எழுதப்பட்டிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்ற ஆசை மாத்திரம் எனக்கு அடங்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பயணமும் நடந்தது. பெயின்டருக்கு ஓராண்டு இளையவர், 1901இல் கண்டியிலே, பறங்கியர் என்றே இந்நாட்டில் வழங்கப்படும் பேர்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், அதே திரித்துவக் கல்லூரியில் படித்தவர் ஜோர்ஜ் கீற். கிறிஸ்தவராய்ப் பிறந்த அவர் மல்வத்தை விகாரத்துப் பிக்குகளிடம் போய்ப் பௌத்தம் கற்றார். கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1939இலும் 1940இலும் கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விகாரத்தின் சுவர்களில் புத்தரின் சரிதத்தைத் தீட்டினார். அங்கேயும் கோடுகளில் ஐரோப்பிய நவீனத்தின் சாயல் தெரியும். ஆங்கிலத் தந்தையின் மகன் கண்டியில் சுதேசிக் கிறிஸ்துவை எழுத, பறங்கியர் வீட்டுப் பிள்ளை கொழும்பில் புத்தரை எழுத, இருவரையும் ஒரே பாடசாலை உருவாக்கியது. பிரேசரின் கல்விக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் எழுத முடியாது. இரண்டாவது சாட்சியம் அவருடைய மிஷனுக்கு உவப்பாயிருந்திராது என்பது வேறு விஷயம்.

அக்காலத்தில் இத்தகைய முயற்சி கண்டியில் மாத்திரம் நிகழவில்லை. வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரிலே, 1921இல் ஏசுதாசன், பாற்றன் என்னும் இரு வைத்தியர்கள் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம் கோபுரத்தோடு திராவிட மரபில் எழுந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிற் பிறந்த அசரியா அத்தியட்சர், தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லில் கோவில், மசூதி, மாதா கோவில் மூன்றின் அமைப்பும் கலந்த பேராலயத்தைக் கட்டி 1939இல் பிரதிஷ்டை செய்தார். இலங்கையில், பின்னர் குருநாகல் அத்தியட்சராய் வந்த லக்தாச டி மெல், தம் பேராலயத்தையும் கண்டிய மரபைத் தழுவியே எழுப்பினார். ஆயினும் இவற்றோடு ஒப்பிடும்போது திரித்துவக் கல்லூரி ஆலயத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மகுல் மடுவத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்தே போய் இதையும் பார்த்துவிடலாம். மூலமும் வழியும் ஒரே ஊரில் இருக்கின்றன. கோவாவின் பேழைகள் பூசை நின்றபின் நூதனசாலைக்கு வந்தவை. இங்கே நான்கு சித்திரங்களின் முன்னும் மாணவர் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெயின்டர் பின்னர் கொழும்பில் அரசினர் நுண்கலைக் கல்லூரியின் அதிபராயிருந்து ஓய்வுபெற்றார். முதுமையில், 1968இல், கல்கிசை பரி. தோமாவின் கல்லூரி ஆலயத்துக்கு மறுரூபக் காட்சியை மாபெரும் சுவர்ச்சித்திரமாய் எழுதியபோது, அதில் தாடியில்லாத இளைஞராய் நின்ற கிறிஸ்துவைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள் இருந்தார்கள். நாட்டு நிறத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் தாடியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பெயின்டர் 1975இல் காலமானார்.

கண்டியின் மற்றொரு குன்றான அம்பிட்டியில், பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் ஆணையால் 1893இல் தோன்றி, தமிழ்நாடும் கேரளமும் உட்பட இந்தியா முழுவதற்கும் குருமாரைப் பயிற்றி, பின்னாளில் பம்பாய்க் கர்தினாலான வலேரியன் கிராசியஸையும் மாணவராய்க் கொண்டிருந்து, 1955இல் பூனாவுக்குப் பெயர்ந்த பாப்பரசர் குருமடத்தைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் எழுதுவேன்.